தலையாட்டலுக்கு ஒரு சாட்சி

செண்பகவல்லி டீச்சர் சொன்ன கதையை ஞானதிரவியம் ஆறு வருஷமாக நம்பியதில்லை. நம்பாமல் இருந்ததும் இல்லை. மாத்திரை டப்பாவைத் திறந்தே பார்க்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவரைப் போல, அது இருக்கிறது என்ற தைரியத்தில் ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார். கதை மிகவும் சின்னது. "நீங்க சரின்னு சொல்லவே இல்ல சார். நம்ம ஊர்ல ஆட்டுத மாதிரி தலைய ஆட்டுனீய, அவ்வளவுதான். அந்தம்மா அத சரின்னு எடுத்துக்கிட்டா நீங்க என்ன செய்வீய?" இதைச் சொன்ன டீச்சர் இப்போது கதவுக்கு வெளியே நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதவில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் கண்ணாடி. அதன் வழியாக டீச்சரின் ஒரு தோளும், கழிப்பறைக்குப் போகிற பிள்ளைகளின் பெயரெழுத மடியில் வைத்திருக்கும் நோட்டும் தெரிகின்றன. கதவுக்கு இந்தப் பக்கம், தென் கரோலினாவில் ஒரு சின்ன ஊரின் அரசுப் பள்ளியில், முப்பத்தோரு பிள்ளைகள் ஆளுக்கொரு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மாநில அல்ஜீப்ரா பரீட்சைக்குக் காத்திருக்கிறார்கள். மணி எட்டு இருபது. அச்சடித்துக் கொடுத்த அறிவிப்பை ஒரு எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். வாசித்தார். "உங்களால் இயன்ற அளவு சிறப்பாகச் செய்யுங்கள்" என்ற வரி வந்தபோது பின்வரிசையிலிருந்து கேலெப், "மிஸ்டர் ஜி, இத எங்க வீட்டு நாய்கூட மனப்பாடமாச் சொல்லும்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஞானதிரவியம் என்ற பெயரை இந்த ஊரில் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் முயன்று பார்த்ததில்லை, அதனால் மிஸ்டர் ஜி. அவரும் சிரிக்கத்தான் நினைத்தார். முகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது, ஆறு வருஷத்துக்கு முந்தைய மதிப்பெண்களை விசாரிக்கிற மாவட்டக் கல்வி அலுவலகம் கொடுத்தது. அதில் பதினொரு பெயர்கள், அவற்றின் கீழே இரண்டு கட்டங்கள். 'இந்த மதிப்பெண் மாற்றங்களுக்கு நான் அனுமதி அளித்தேன்' என்பது ஒன்று. 'அனுமதி அளிக்கவில்லை' என்பது இன்னொன்று. பதினொன்றே முக்காலுக்குள் ஏதாவது ஒன்றில் குறியிட்டு, நூலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் மாவட்ட வக்கீலிடம் கொடுத்துவிட வேண்டும். தொடங்கலாம் என்றார். முப்பத்தோரு விரல்கள் ஒரே சமயத்தில் தட்டிய சத்தம் தகரக் கூரையில் விழுந்த முதல் மழைபோல ஒரு தடவை கேட்டு நின்றது.

மூன்று மணி நேரம் உட்காரக் கூடாது. படிக்கக் கூடாது, பேப்பர் திருத்தக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கக் கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது. மனசுக்குள் என்ன செய்யலாம் என்று மட்டும் விதி எதுவும் போடவில்லை. நடந்தார். முதல் வரிசையில் ஆறு, இரண்டாவதில் ஆறு. கூரையில் ஒரு பலகை ஈரத்தில் ஊறித் தொங்குகிறது, அதன் கீழே ஒரு வாளி. போன அக்டோபரில் எழுதிக் கொடுத்தது, அக்டோபரிலிருந்து அந்த வாளியைச் சுற்றியே நடந்து பழகிவிட்டார். இரண்டு கணினிகளுக்குச் சார்ஜர் கம்பி வேலை செய்யவில்லை. மாற்றுக் கம்பி கேட்டால் அலுவலகத்தில் கையை விரிக்கிறார்கள். பக்கத்து அறையில் இயற்பியலுக்கு இந்த வருஷமும் ஆள் வரவில்லை. கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான் உட்கார்ந்து விண்வெளிப் படங்களாகப் போட்டுக் காட்டுகிறார், பரீட்சை நாளானதால் இன்றைக்குச் சத்தம் இல்லாமல். நாலாவது வரிசை முடிகிற மூலை வந்ததும் கால் தானாக ஒரு கணம் நின்றது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவனுக்குத் தெரியாத ஒரே இடம் அந்த மூலைதான். துப்பாக்கியோடு யாராவது நுழைந்துவிட்டால் என்று மாதம் ஒரு முறை ஒத்திகை: விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளை அந்த மூலையில் நெருக்கி உட்காரவைத்து மூச்சுச் சத்தம் கேட்காமல் ஆறு நிமிஷம். வந்த முதல் வருஷம் அதை அளந்து பார்த்தார். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தால் இருபத்துநாலு பேர் அடங்கலாம். முப்பத்தொன்றில் இருபத்துநாலு போனால் ஏழு. அந்த ஏழு பேர் யார் யார் என்று அப்போது பல நாள் தூங்காமல் கிடந்து நினைத்திருக்கிறார். இப்போது அது வெறும் கழித்தல் கணக்கு. பயம் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிற மாதிரி. கையால் தொட்டால் கைக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. ஆக்னஸ் ஒருநாள் கேட்டாள், "அப்பா, உங்களுக்கு எப்பவாவது கோவம் வருமா?" என்று. மகளுக்கு இருபது வயது, மாநிலக் கல்லூரியில் இரண்டாவது வருஷம். வரும் என்று சொல்ல வாயெடுத்து, கடைசியாக எப்போது வந்தது என்று தேடப் போய், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தாளில் முதல் கட்டத்தில் குறியிட்டால், அனுமதித்தேன் என்றால், ஆசிரியர் உரிமம் போகும். உரிமம் போனால் வேலை, வேலை போனால் விசா. அறுபது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், அவளும் கூடவே. இரண்டாவது கட்டத்தில் குறியிட்டால் தலைமையாசிரியர் வின்ஃபீல்டுக்கு வேலை போகும். அனுமதி இல்லாமல் ஒரு ஆசிரியர் பெயரில் மதிப்பெண் மாற்றியதற்கு வழக்குகூட வரலாம் என்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று செண்பகவல்லி டீச்சர் நேற்று போனில் கேட்டார். யோசிக்க ஒன்றுமில்லைதான். உண்மை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அவர்கள் இருவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். சென்னையில் ஒரு ஹோட்டல் அறையில் நேர்முகம் வைத்து, கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் கிடைக்காத இந்த மாவட்டத்துக்கு மொத்தமாகப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதில் இரண்டு பேர்தான் இன்னும் மிச்சம். சாத்தான்குளத்துப் பக்கத்துக் கணக்கு வாத்தியாரான அவர் ஒன்று, கோவில்பட்டியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் இன்னொன்று. வந்த ஆகஸ்டில் ஒரு வாரம் பயிற்சி. பயிற்சி கொடுத்த சின்னப் பெண் மூன்றாம் நாள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தாள். "நீங்க எல்லாரும் தலைய இப்படி இப்படி ஆட்டுறீங்க. அது ஆமாவா இல்லையான்னு பிள்ளைங்களுக்குப் புரியாது. அனேகமா ஆமான்னுதான் எடுத்துக்குவாங்க. அதனால மேலகீழ ஆட்டுங்க, இல்லாட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நடுவுல ஒண்ணு வேண்டாம்." இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்துப் பழக்கினாள். அவருக்கு எதிரே டீச்சர். ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை. டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாப்பது வயசுக்கு மேல கழுத்துக்கு டியூசன் வச்சிட்டாளே சார்" என்றார். எல்லோரும் சிரித்த அந்த மத்தியானம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுதான் கஷ்டம். அந்த ஆகஸ்டிலிருந்து ஒன்பது மாதம் அவர் வகுப்பில் கழுத்தைக் கழி மாதிரி நிறுத்தித்தான் பாடம் நடத்தினார். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. மனைவியிடம் போனில் பேசும்போதுகூட அப்படி ஆட்டிப் பழகிவிட்டது. பிறகு மே மாதத்தில் அந்த அறைக்குள் போனார். அன்றைக்கு மட்டும் கழுத்து ஊருக்குப் போய்விட்டதா? முன்பு அவர் வேலை பார்த்த நாசரேத்துப் பள்ளியில் தலைமையாசிரியர் எதைச் சொன்னாலும் ஆசிரியர்கள் அறை முழுக்க ஒரு ஆட்டல் நடக்கும். கேட்டுக்கொண்டோம் என்று அர்த்தம், செய்வோம் என்று அர்த்தம் இல்லை. தலைமையாசிரியருக்கும் அது தெரியும், அதனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் இங்கே அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுத்து, பழக்கிவிட்டு, சான்றிதழும் கொடுத்துவிட்டார்களே. சான்றிதழ் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது.

அந்த அறையில் நடந்தது அவருக்கு முழுசாக ஞாபகம் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. மேஜைமேல் மீன் வடிவத்தில் காகித அழுத்தி. வெளியே பஸ்கள் வரிசையாக நின்று உறுமும் சத்தம். வின்ஃபீல்ட் இந்தப் பள்ளியிலேயே படித்தவர், இந்த ஊர்ப் பெண். மழையோ பனியோ தினமும் காலையில் பஸ் கதவுக்குக் கீழே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி இறக்குவார். கெட்டவர் என்று சொல்ல ஞானதிரவியத்துக்கு நா எழாது. அந்த அம்மாள் தாளைத் திருப்பிக் காட்டினார். "மிஸ்டர் ஜி, இந்தப் பதினோரு பேரும் கடைசி வருஷம். அல்ஜீப்ரா மட்டும்தான் பாக்கி. இவங்க தேறினா நம்ம தேர்ச்சி விகிதம் அறுபத்தெட்டு. தேறலன்னா ஐம்பத்தெட்டு. அறுபத்தேழுக்குக் கீழ போனா மாநிலம் இந்தப் பள்ளிக்கூடத்த மூடிரும். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் இருபத்திரண்டு மைல் பஸ்ல போகணும். பஸ் ஓட்டவே எங்கிட்ட ஆள் இல்ல. இவங்க மார்க்க அறுபதுக்குக் கொண்டு வந்திடலாம்னு இருக்கேன். நீங்க என்கூட இருக்கீங்கதானே?" எதுவுமே எழுதாத பிள்ளைக்கும் ஐம்பதுக்குக் கீழே போடக் கூடாது என்பது அப்போதே விதி. அறுபது தேர்ச்சி. இல்லாத இடத்திலிருந்து தேறிய இடத்துக்குப் பத்து மதிப்பெண் தூரம். அதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தலை. தலை அசைந்தது, அது சத்தியம். எப்படி என்பதுதான் இல்லை. பிறகு ஒரு கை. வின்ஃபீல்ட் எழுந்து கையை நீட்டினார், நன்றி மிஸ்டர் ஜி என்றார், அவர் அந்தக் கையைப் பிடித்தார். கையில் லேசான ஈரம், இப்போதும் உள்ளங்கைக்குத் தெரிகிறது. டீச்சரின் கதையில் அந்தக் கைகுலுக்கல் கிடையாது. முதல் தடவை சொன்னபோதும் இல்லை, பிறகும் வரவில்லை. கதையில் வேறு சில விஷயங்கள் வந்து சேர்ந்தன. முதல் வருஷம், தலையை ஆட்டினீர்கள், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் ஒரு பொங்கல் சாப்பாட்டின்போது, "தலைய ஆட்டிக்கிட்டே பாக்கலாம்னு சொன்னீய சார், நான் கேட்டேன்." பார்க்கலாம் என்றால் நம் ஊரில் முடியாது என்றுதான் அர்த்தம். நாலாம் வருஷம், "நீங்க என்னவோ சொல்ல வாயத் திறந்தீய, அதுக்குள்ள அந்தம்மா எந்திரிச்சுட்டா." வருஷத்துக்கு வருஷம் அவர் இன்னும் கொஞ்சம் நல்லவராகிக்கொண்டே வந்தார். அப்படியே விட்டால் பத்தாம் வருஷம் மேஜையில் ஓங்கி அடித்துவிட்டு வெளியேறியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவர் மறுக்கவில்லை, கைகுலுக்கலைச் சொல்லவும் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் ஜி." ஜன்னலோரப் பெண் கையைத் தூக்கியிருந்தாள். பாத்ரூம். ஒருத்தர் வெளியே போயிருக்கிறார், வந்த பிறகு. அவள் பெரிதாக மூச்சு விட்டாள். கதவுக் கண்ணாடியில் டீச்சரின் தோள் குனிந்து எதையோ எழுதியது. மணி ஒன்பது ஐம்பது. இரண்டு பேர் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறார்கள். எழுப்பலாமா கூடாதா என்று விதியில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, படித்தும் புரியவில்லை. இருபது கேள்வியை நாலு நிமிஷத்தில் தட்டிவிட்டுத் தூங்குகிறவன் ஒருத்தன். நேற்று இரவு முழுக்கக் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்திருப்பவள் இன்னொருத்தி. கம்ப்யூட்டருக்கு இருவரும் ஒன்றுதான். யெசேனியாவும் இப்படித்தான் தூங்குவாள், வந்த நாட்களில். பட்டியலில் ஏழாவது பெயர். அந்த வருஷம் முப்பத்தெட்டு நாள் அவள் முதல் பீரியடுக்கு வரவே இல்லை. ஏன் என்று விசாரித்தபோது, தம்பியை ஆரம்பப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வர வேண்டும், ஓட்டுநர் இல்லாததால் ஒரே பஸ் இரண்டு நடை அடிக்கிறது, இரண்டாவது நடை வருவதற்குள் ஒன்பதாகிவிடும் என்றாள். அதற்கு ஒரு படிவம் இருந்தது, அவர் அதை நிரப்பி அனுப்பினார். பதில் வரவில்லை. பின்னங்களை முதலிலிருந்து சொல்லித்தருகிறேன், மத்தியானம் வா என்றார், மூன்று நாள் வந்தாள். மூன்றாம் நாள், பாதியையும் காலையும் கூட்டினால் முக்கால் என்று தானாகக் கண்டுபிடித்து, மேஜையைத் தட்டிச் சிரித்தாள். நாலாம் நாள் மத்தியானத்துக்கு அவருக்கு வேறு ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்க்கும் வேலை வந்துவிட்டது. அப்புறம் மே வந்துவிட்டது. அவளைத் திரும்பப் பார்த்தது போன ஜனவரியில், கடையில் சீஸும் இறைச்சியும் அரிந்து கொடுக்கும் இடத்தில், வலைத்தொப்பி போட்டுக்கொண்டு. "மிஸ்டர் ஜி! யெசேனியா, ஞாபகம் இருக்கா? முதல் பீரியட், தினம் லேட்." வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள் என்றாள். முக்கால் பவுண்டு சீஸ் கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை, வீட்டில் எப்போதும் வாங்குவது முக்கால் பவுண்டுதான். அவள் அரிந்து தராசில் ஒவ்வொரு துண்டாக வைத்தாள், எண் ஏறிக்கொண்டே வந்தது. புள்ளிக்குப் பின்னால் முப்பத்துநாலு வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மூன்றின் கீழ் நாலு. மூன்று, நாலு. முப்பத்துநாலு. அவர் அந்த எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரியா?" என்றாள். தலையை ஆட்டினார். மடித்து ஒட்டிக் கொடுக்கும்போது சொன்னாள்: "நர்சிங் சேரணும்னு இருந்தேன் மிஸ்டர் ஜி. நுழைவுல கணக்கு இருக்கே, நாலு தடவை போயாச்சு. அஞ்சாவது தடவை விடமாட்டாங்களாம். ஆனா என்னப் பாஸ் போட்ட ஒரே கணக்கு வாத்தியார் நீங்கதான். தம்பிகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அழுகையோ, வெட்கமோ. காரைக் கிளப்பும்போது பின்கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் வந்தது. அவளைத் தேறவிடாமல் வைத்திருந்தால் கோடையில் இன்னும் இரண்டு மாதம் கிடைத்திருக்கும், பாதியும் காலும் முக்கால் என்பது கையில் தங்கியிருக்கும். அல்லது அப்படியே படிப்பை விட்டிருப்பாள், அந்த வலைத்தொப்பிகூடக் கிடைத்திருக்காது. இரண்டையும் அவரால் சம எடையில் நிரூபிக்க முடியும். கணக்கு வாத்தியாருக்கு அது பெரிய காரியமில்லை.

பத்தேகாலுக்கு அவருக்கு ஐந்து நிமிஷ ஓய்வு. டீச்சர் உள்ளே வந்து நிற்க, அவர் வெளியே போக வேண்டும். கதவருகில் இருவரும் ஒரு கணம் எதிரெதிரே. இப்போது கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. கேட்க வந்தது, கை கொடுத்தேனா என்று. "முகம் ஏன் இப்படி இருக்கு, காப்பி குடிச்சீயளா?" என்று டீச்சர் கிசுகிசுத்தார். குடிச்சேன் என்றார். குடிக்கவில்லை. ஐந்து நிமிஷமும் நடைபாதையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வந்து இரண்டு சுற்று நடந்திருப்பார், கேலெப்பின் இடத்தைத் தாண்டும்போது அவன் விரலைத் திரையில் ஒரு விடைமேல் வைத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினான். பதினாலாவது கேள்வி. பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. உன் கேள்வி எனக்குப் புரிகிறது, நான் உதவ முடியாது என்ற நினைப்புத்தான் மனசில் இருந்தது. கேலெப் சிரித்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, அந்த விடையைத் தட்டினான். அப்போதுதான் கழுத்தில் ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்பது தெரிந்தது. அவன் தட்டியது கூட்டல் நாலு. சரியான விடை கழித்தல் நாலு. அப்படியென்றால் டீச்சர் சொன்னது நிஜம்தானா? இந்தத் தலை அவரைக் கேட்காமலே ஆடுகிற தலைதானா? ஏழு வருஷ டியூசனுக்குப் பிறகும்? ஆறு வருஷமாகக் கிடைக்காத நிரூபணம் இதோ பின்வரிசையில் கிடைத்துவிட்டது, தாளை எடுத்து இரண்டாவது கட்டத்தில் போட்டுவிடலாம். பைக்குக் கை போனது. ஆனால் உடனே அடுத்த நினைப்பு காலைப் பிடித்தது. கேலெப் தட்டியபோது இல்லை என்று சொல்லியிருக்கலாமே. அரை நொடி இருந்தது. விதிமுறையை நினைத்துக்கொண்டு நின்றாரா, அல்லது நிற்பதற்கு விதிமுறை கிடைத்ததா? வின்ஃபீல்ட் கையை நீட்டியபோதும் அந்த அரை நொடி இருந்திருக்கும். தலை தானாக ஆடியிருக்கலாம். கை தானாக நீளுமா? வாளியைச் சுற்றி நடந்தார். மூலை வந்தது. இருபத்துநாலு.

பதினொன்று ஐந்துக்குப் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள், எழுந்து போக முடியாது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவுக் கண்ணாடியில் டீச்சர் கொட்டாவி விட்டார். மடியில் இருந்த நோட்டு நழுவ, தாவிப் பிடித்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அப்படி அவர் அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததை வேறு எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே? அந்த அறையில். வின்ஃபீல்டின் அறையில் சுவரோரமாக ஒரு நாற்காலி, அதில் டீச்சர், மடியில் தாள்கள், இரண்டு கையாலும் மூடியபடி. இத்தனை வருஷமாக டீச்சரைச் சாட்சியாகவே நினைத்து நினைத்து, சாட்சிக்கு அந்த அறையில் என்ன வேலை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. வேடிக்கை பார்க்க யாரையும் அங்கே கூப்பிடுவார்களா? அன்றைக்கு அவருடைய முறை முடிந்தது, அந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அடுத்த முறை டீச்சருடையது. வேதியியலும் கடைசி வருஷப் பாடம்தான். அந்த மடியில் இருந்தது ஒரு பட்டியல். எத்தனை பேர்? அவர் வெளியே வந்து, பஸ்கள் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். கால் மணி நேரம் கழித்து டீச்சர் வந்தார், வந்ததும் வராததுமாகச் சொன்ன முதல் வார்த்தை அவரைப் பற்றியது. நீங்க சரின்னு சொல்லவே இல்ல சார். அப்போது அதை அன்பு என்று நினைத்தார். அன்பில்லை என்று இப்போதும் சொல்ல முடியாது. இந்த விசாரணையில் டீச்சருக்குத் தாள் வரவில்லை. அலுவலகத்திலிருந்து மாற்றிய மதிப்பெண்களுக்கு மட்டும்தான் மாவட்டம் தாள் கொடுத்திருக்கிறது, ஆசிரியரே தன் கையால் மாற்றியதற்கு இல்லை. ஆக இரண்டில் ஒன்று. டீச்சர் அன்றைக்கு வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் வேலை போகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, அது சொல்லக்கூடிய வார்த்தையாகவே இருந்திருக்கிறது. அல்லது வீட்டுக்குப் போய்த் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றியிருக்க வேண்டும். முதலாவது என்றால், ஆறு வருஷமாக அதை அவரிடம் மறைத்தது அவருக்காக. இரண்டாவது என்றால், வருஷத்துக்கு வருஷம் சுத்தமாகிக்கொண்டே வந்தது அவர் மட்டுமில்லை. எது என்று தெரியாமல் கட்டத்தில் குறியிட முடியாது என்று தோன்றியது. ஏன் அப்படி என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். தெளிவான காரணம் வரவில்லை. முடியாது என்பது மட்டும் உடம்பில் இருந்தது, காலையிலிருந்து உடம்பில் தெரிந்த முதல் விஷயமாக.

மணி அடித்தது. நாற்காலிகள் இழுபட்டன. பரீட்சைக்கு முன்னால் வாங்கிப் போட்டு வைத்த பைக்குள்ளிருந்து கைப்பேசிகளை அள்ளிக்கொண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து வெளியேறினார்கள். கேலெப் போகிறபோக்கில் தோளைத் தட்டி, "பதினாலுக்கு நன்றி மிஸ்டர் ஜி, வெளிய மூச்சுவிட மாட்டேன்" என்றான். கோழித் தொழிற்சாலைப் பெண் கடைசியாக எழுந்து, கன்னத்தில் சட்டை மடிப்பின் தடத்தோடு, இது எந்தப் பீரியட் என்று கேட்டாள். அறை காலியான பிறகு செண்பகவல்லி டீச்சர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"என்ன சார், போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"கிழிஞ்சுது. இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு. நான் அந்த வக்கீல்கிட்ட எம்பேரக் கொடுத்துட்டேன், கூப்பிட்டா வந்து சாட்சி சொல்லுதேன்னு. அவன் தலையாட்டுறதப் பத்தி என்னவோ விளக்கம்லாம் கேட்டான். செஞ்சு காட்டுனேன். சிரிச்சிட்டான்." டீச்சர் இங்கேயும் ஒரு தடவை செய்து காட்டினார். "ரெண்டாவது கட்டம். யோசிக்கவே வேண்டாம். ஆக்னஸ நினைச்சுப் பாருங்க. அந்தம்மாவுக்கு என்ன, அவ ஊரு, அவ சனம், எப்படியும் பொழைச்சிக்கிடுவா."

"டீச்சர், அன்னைக்கு நான் அந்தம்மா கையப் பிடிச்சுக் குலுக்கினேன்."

டீச்சர் மேஜைமேல் கிடந்த சார்ஜர் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். "அதுவா? அது மரியாதைக்கு. நீட்டினா யாரா இருந்தாலும் கொடுக்கத்தானே செய்வோம்."

"அப்ப நீங்க பாத்தீய."

"பாத்தேன்." கம்பி சுற்றி முடிந்தும் டீச்சர் அதைக் கீழே வைக்கவில்லை. "அதச் சொல்லி உங்களுக்கு என்ன ஆகப்போவுது சார்? சொல்லாம விட்டா ஒருத்தருக்கும் நட்டமில்லயே."

அவர் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து மேஜையில் வைத்தார். மடிப்புகள் நிமிரவில்லை, உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். டீச்சர் எட்டிப் பார்த்து, எந்தக் கட்டம் என்று காட்டுவதுபோல விரலை நீட்டினார். அந்த விரல் தாளைத் தொடுவதற்கு முன்னால் அவர் நிமிர்ந்தார்.

"நான் எந்திரிச்சு வெளிய போனப்புறம், உங்க முறை வந்துச்சுல்ல? நீங்க என்ன சொன்னீய டீச்சர்?"